மூன்று பேர், ஒரே கணினி: இறுதி மணியில் கலையும் மௌனம்

திருவனந்தபுரம்: 1990-ல் டெக்னோபார்க் உருவான கேரளத்தில், தேர்தல் முடிவுக்கு நிகரான பரபரப்பு நிரலாக்கப் போட்டி முடிவுக்கும் உண்டு. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான ஐ.சி.பி.சி. போட்டியின் மண்டலச் சுற்று, கொல்லம் மாவட்டம் அமிர்தபுரியில் பலமுறை நடைபெற்றுள்ளது. மூவர் அணிக்கு ஒரே கணினி. ஐந்து மணி நேரம். இறுதி ஒரு மணி நேரம் தரவரிசை மாற்றங்கள் மறைக்கப்படும். முடிவு அறிவிக்கப்படும்போதே ஆரவாரம் எழும்.

முதற்கட்டத் தேர்வு இணையவழியில் நடைபெறுவதால், ஐ.ஐ.டி.க்களுடன் சிற்றூர்க் கல்லூரிகளும் மோதலாம். ஆனால், அதற்குத் தடையற்ற இணைப்பு வேண்டும். 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணையம் என்ற இலக்குடன் கேரள அரசு 2023 ஜூன் 5-ல் தொடங்கிய கே-ஃபோன் திட்டத்தின் முக்கியத்துவம் இங்கேதான் புலப்படுகிறது. உலகப் பட்டம் இதுவரை இந்தியாவுக்கு எட்டவில்லை. அதை வெல்லும் அணி, இணைப்பு கிடைக்காத ஊரிலேயே முடங்கிவிடக் கூடாது.