வழக்கு வீழ்ந்தால் தண்டச் சீட்டும் வீழுமா?

சாய்ந்தமருதிலிருந்து கல்முனைச் சந்தைக்கு ஒருவர் மோட்டார் சைக்கிளில் செல்கிறார் எனக் கொள்வோம். தலைக்கவசம் இல்லை. பொலிசார் மறித்துத் தண்டச் சீட்டு எழுதுகின்றனர். வாய்த்தர்க்கம் முற்றவே, அரச ஊழியரின் கடமைக்கு இடையூறு செய்தார் என்ற வழக்கும் எழுகிறது. மாதங்கள் கழிந்து, சாட்சியம் போதாதென நீதவான் அவரை விடுதலை செய்கிறார். அப்படியாயின் தண்டச் சீட்டும் ஒழிந்ததா?

ஒழியவில்லை. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 314ஆம் பிரிவு, விசாரணையின் பின் விடுதலை பெற்றவரை அதே குற்றத்துக்கு மீண்டும் விசாரிக்க இடந்தராது. வேறான குற்றத்துக்கு அத்தடை இல்லை. தலைக்கவசமின்றிச் சென்றது ஒரு செயல். இடையூறு செய்ததாகக் கூறப்பட்டது இன்னொன்று. ஒன்று நிரூபிக்கப்படாமை மற்றதை அழித்துவிடாது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. விசாரணை முற்றுப்பெறாமல் முறைப்பாடு தள்ளப்படுவது அப்பிரிவின்படி விடுதலை ஆகாது. ஆகவே நீதிமன்றக் கட்டளையில் எந்தச் சொல் இருக்கிறதென்று பார்த்தல் வேண்டும்.

தண்டப்பணத்தைச் செலுத்த 14 நாள் தவணை உண்டு. வழக்கு முடியட்டும் என்று காத்திருப்பவர் அத்தவணையை இழக்கிறார். பின்னர் அச்சிறு குற்றத்துக்காகவே நீதிமன்றப் படியேற நேரும். சீட்டு நியாயமற்றதெனக் கருதுபவர் பணம் செலுத்தாது, நீதவான் முன் அதனை மறுத்துரைக்கலாம். செலுத்துவதோ மறுப்பதோ அவரவர் விருப்பம். மறந்திருப்பது மட்டும் வழியன்று.