அண்மையில் உள்ள அறிவுக்களம்

உயர் தொழில்நுட்பக் கல்வி என்றவுடன் நம் மாணவர்தம் எண்ணம் கடல் கடந்து செல்கிறது. சீனத்தின் சிங்குவா பல்கலைக்கழகத்தின் பெயரை அறிந்த நாம், அரியலூரிலிருந்து ஒரே நாளில் சென்று திரும்பக்கூடிய திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தைப் பற்றி எவ்வளவு அறிவோம்?

தஞ்சைச் சாலையில், துவாக்குடியில் அமைந்துள்ள இந்நிறுவனம், 1964ஆம் ஆண்டு மத்திய, மாநில அரசுகளின் கூட்டு முயற்சியால் மண்டலப் பொறியியற் கல்லூரியாகத் தோன்றியது. பேராசிரியர் பி.எஸ். மணிசுந்தரம் இதன் முதல் முதல்வராவார். 2003இல் இது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. தேசியத் தரவரிசையில் 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் பொறியியற் பிரிவில் ஒன்பதாம் இடமும், தேசியத் தொழில்நுட்பக் கழகங்களுள் முதலிடமும் பெற்றது.

கட்டடவியல், உலோகவியல், கருவியியல் முதலான துறைகள் இங்குச் சிறந்து விளங்குகின்றன. ஆற்றலையும் சுற்றுச்சூழலையும் ஆராயத் தனித் துறை உள்ளது. சுண்ணாம்புக்கல்லும் சிமெண்ட் ஆலைகளும் நிறைந்த நம் மாவட்டத்திற்கு இத்துறைகள் அயலானவை அல்ல.

ஆய்வு வசதிகளுள் தலையாயது, 2022 மே 25 அன்று தொடங்கி வைக்கப்பட்ட 'பரம் பொருள்' என்னும் மீத்திறன் கணினியாகும். இதன் வேகம் 838 டெராஃப்ளாப்ஸ். அதாவது, நொடிக்கு 838 இலட்சம் கோடி கணக்கீடுகள். இதன் உறுப்புகளுள் பெரும்பாலானவை இந்தியாவிலேயே உருவானவை. வானிலை, வேளாண்மை, மருத்துவம் ஆகியவை சார்ந்த ஆய்வுகளுக்கு இது துணைபுரிகிறது. தமிழ்ப் பெயர் தாங்கிய கருவி என்பது நமக்குக் கூடுதல் மகிழ்ச்சி.

எனினும், கருவிகளைக் கண்டு வியப்பதோடு நாம் நின்றுவிடலாகாது. அவற்றை அணுகும் வாயில்களையும் அறிதல் வேண்டும். இளநிலைப் பொறியியல் இடங்களுட் பாதி, தமிழ்நாட்டு மாணவர்க்குரியவை. அதற்கான ஜே.இ.இ. முதன்மைத் தேர்வை 2021 முதல் தமிழிலும் எழுதலாம். கலை, அறிவியற் கல்லூரி மாணவர்க்கும் வழியுண்டு. கணிதமோ புள்ளியியலோ பயின்ற பட்டதாரிகள் 'நிம்செட்' தேர்வு வாயிலாக எம்.சி.ஏ. வகுப்பிற் சேரலாம்; இயற்பியல், வேதியியல் பட்டதாரிகள் 'ஜாம்' தேர்வு வாயிலாக எம்.எஸ்ஸி. பயிலலாம்.

நாமக்கல்லை அடுத்த மோகனூரில், தமிழ்வழிப் பள்ளியில் பயின்ற திரு. என். சந்திரசேகரன், 1986இல் இங்கு எம்.சி.ஏ. முடித்தார், 2017இல் டாட்டா சன்ஸ் நிறுவனத் தலைவரானார். சிற்றூரும் தாய்மொழியும் உயர்வுக்குத் தடையல்ல என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

வாயில் எங்கே உள்ளது என அறியாமையே பல வேளைகளில் நம் பிள்ளைகளைத் தடுத்து நிறுத்துகிறது. அதனைக் காட்டுவது ஆசிரியர், பெரியோர் ஆகிய நம் கடமை. முயன்று நுழைவது மாணவர் கடமை.