சவுக்குத் தோப்பில் ஒரு நோய்

பெங்களூரில் வாழும் தமிழன்பர்கள் லால்பாக் தோட்டத்து அரகேரியா மரங்களைக் கண்டிருப்பார்கள். அவை ஊசியிலைக் குலத்தைச் சேர்ந்தவை. நகருக்கு வெளியே வயலோரங்களில் காற்றில் இரைந்து நிற்கும் மரத்தையும் அக்குலமென்றே நம்மில் பலர் எண்ணிவிடுகிறோம். அது நம் ஊர்ச் சவுக்கு. கன்னடத்தார் 'காற்று மரம்' என்ற பொருளில் அதனைக் காளி மரம் என்பர். ஊசி போல் தோன்றுவது இலையன்று, பசிய சிறு கிளை. உண்மை இலைகள் அதன் கணுக்களில் பல் பல்லாகச் சுருங்கிக் கிடக்கின்றன.

19ஆம் நூற்றாண்டில் ரயில் எஞ்சின்களின் விறகுக்காகத் தமிழகக் கரையோரத்தில் பயிரிடப்பட்ட இம்மரம், இன்று கட்டடச் சாரத்துக்கும் காகித ஆலைக்கும் போகிறது. மூன்று முதல் ஐந்தாண்டுகளில் வெட்டலாமாதலால், பிழைப்புக்காக வெளியூர் வந்த குடும்பங்கள் ஊர் நிலத்தைச் சவுக்குக்கு விட்டுவிடுவதுண்டு. நாள்தோறும் பார்க்க ஆளில்லாத அத்தோப்புகளில் பட்டைக் கொப்புள நோய் நுழைந்தால், பலவாண்டு நம்பிக்கை கண்முன்னே கருகிப் போகும்.

இந்நோயை உண்டாக்குவது ஒரு பூசணம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பட்லர் என்னும் அறிஞர் அதற்கு டிரைக்கோஸ்போரியம் வெசிகுலோசம் என்று பெயரிட்டார். 2003இல் அது சுப்பிரமணியனோஸ்போரா ஆயிற்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பூசண ஆராய்ச்சியை வளர்த்த பேராசிரியர் சி. வி. சுப்பிரமணியனைச் சிறப்பிக்கும் பெயர் அது. கொல்லும் பூசணத்துக்குப் பேராசிரியர் பெயரா என்று நேயர்கள் திகைக்க வேண்டா. அத்துறையில் அது பெருமைதான்.

கிளை கழித்த காயம், பூச்சி துளைத்த துளை முதலியவை பூசணம் புகுவதற்கு வழியாகின்றன. முதலில் நுனிக் கிளைகள் மஞ்சளித்து வாடும். நீர்க்குறை என்று நினைத்துச் சிலர் தண்ணீர் பாய்ச்சுவர். ஆனால் அடிமரத்தை நோக்கினால் பட்டை ஆங்காங்கே கொப்புளித்திருக்கும். கொப்புளம் வெடித்ததும் கரி போன்ற கருந்தூள் வெளிப்படும். அத்தூளே பூசணத்தின் விதை. காற்றே அதற்கு வாகனம். பட்டையின் அடியில் உணவு செல்லும் பாதை சிதைவதால் மரம் நின்றபடியே காய்கிறது.

பட்டைக்குள் பூசணம் பரவிய மரத்தை மருந்தால் மீட்க இயலாது. வாடிய மரத்தை வேரோடு தோண்டி, அவ்விடத்திலேயே எரித்துவிட வேண்டும். விறகுக்காகத் தோப்பினூடே இழுத்துச் செல்வது நோயை நாமே தூவுவதாகும். கிளை கழித்தலை அடிமரம் சிதையாமல், கூரிய கத்தியால் செய்தல் நன்று. நீர் தேங்கும் நிலத்தில் சவுக்கை நடலாகாது.

பொங்கலுக்கு ஊர் செல்வோர் தோப்பின் ஓரத்தோடு திரும்பிவிடாமல் உள்வரிசைக்கும் செல்லலாம். வாடிய மரத்தின் பட்டையை விரலால் தடவிப் பார்த்துக் கருந்தூள் ஒட்டுமாயின், அன்றே ஆளை அழைக்கலாம்.