பழைய லேப்டாப் சும்மா தூங்குதா? உங்க கேங்குக்குன்னே ஒரு மைன்கிராஃப்ட் சர்வர் ரெடி!

மூணு மாசம் உட்கார்ந்து கோட்டை கட்டி, ரயில் பாதை போட்டு, ஆட்டு மந்தை வரைக்கும் வளர்த்து வெச்சிருப்பீங்க. ஆனா, அந்த மைன்கிராஃப்ட் உலகம் இருக்கிறது உங்க ஃபிரெண்ட் ஒருத்தரோட போன்ல. அவர் கேமைத் திறக்கலைன்னா யாரும் உள்ளே போக முடியாது. அவர் போன் தொலைஞ்சா, கோட்டையும் காலி!

மாதச் சந்தா கட்டி 'ரெல்ம்ஸ்' வாங்குறது ஒரு வழி. வீட்டில் கிடக்கும் பழைய லேப்டாப்பையே சர்வராக்குவது இன்னொரு வழி.

என்ன வேணும்?

போனில் நாம ஆடுறது 'பெட்ராக்' எடிஷன். அதற்கான சர்வர் மென்பொருளை மைன்கிராஃப்ட் தளமே இலவசமாகத் தருது. விண்டோஸ், உபுண்டு லினக்ஸ் ரெண்டுக்கும் இருக்கு. பழைய மெஷினுக்கு உபுண்டு சர்வர்தான் பெஸ்ட். டெஸ்க்டாப் அலங்காரம் எதுவும் இல்லாததால், ரேமை அதிகம் சாப்பிடாது. 64 பிட் இன்டெல் அல்லது ஏஎம்டி பிராசஸர் இருக்கணும். நாலஞ்சு பேர் ஆட 4 ஜிபி ரேம் போதும். உபுண்டு போடும்போது ஹார்டு டிஸ்க் அழிஞ்சுடும். குடும்ப போட்டோக்களை முதலில் காப்பி எடுத்துடுங்க.

எப்படி செட் பண்றது?

உபுண்டுவில் கேமுக்குன்னு தனி யூசர் ஒன்றை உருவாக்குங்க. டவுன்லோடு செய்த ஜிப் ஃபைலை அங்கே பிரித்து, 'பெட்ராக் சர்வர்' ஃபைலை ஓட விடுங்க. 'சர்வர் ஸ்டார்ட்டட்' என்று வந்தால் வேலை முடிஞ்சது. 'டிமக்ஸ்' மூலம் ஓட்டினால், டெர்மினலை மூடினாலும் சர்வர் நிற்காது. லேப்டாப் மூடியைச் சாத்தினால் தூங்கிவிடாதபடி செட்டிங்கையும் மாத்திடுங்க.

ஃபிரெண்ட் போனில் இருக்கும் பழைய உலகத்தை எக்ஸ்போர்ட் செய்து, 'வேர்ல்ட்ஸ்' ஃபோல்டரில் வைக்கலாம். கோட்டை அப்படியே வந்துடும். அந்த ஃபோல்டரின் பெயரை சர்வர் செட்டிங்ஸ் ஃபைலில் 'லெவல் நேம்' என்ற இடத்தில் கொடுக்கணும்.

ஒரே வைஃபையில் இருப்பவர்கள், கேமில் 'ஆட் சர்வர்' போய் லேப்டாப்பின் ஐபி முகவரியும் 19132 என்ற போர்ட் எண்ணும் கொடுத்தால் போதும்.

வெளியூர் ஃபிரெண்ட்ஸ் வரணுமா?

ரௌட்டரில் 19132 யுடிபி போர்ட்டைத் திறந்துவிடணும். பல பிராட்பேண்ட் நிறுவனங்கள் ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருவதால், சிலருக்கு இது வேலை செய்யாது. அப்போ 'டெயில்ஸ்கேல்' மாதிரியான ஆப்பை லேப்டாப்பிலும் நண்பர்கள் போனிலும் போட்டால், எல்லோரும் ஒரே வீட்டு நெட்வொர்க்கில் இருப்பதுபோல இணையலாம்.

கதவைப் பூட்டுங்க!

திறந்த போர்ட்டைத் தேடிக்கொண்டே இணையத்தில் சுற்றும் ஸ்கேனர்கள் உண்டு. முன்பின் தெரியாத ஒருத்தர் நுழைந்து, பத்து நிமிஷத்தில் உங்க கோட்டையை வெடிவைத்துத் தகர்க்கலாம். அதனால், போர்ட்டைத் திறக்கும் முன்பே 'அலோ லிஸ்ட்'டை ஆன் பண்ணி, ஃபிரெண்ட்ஸ் பெயர்களை மட்டும் சேருங்க.

போனில் கேம் அப்டேட் ஆனால், சர்வரையும் அப்டேட் பண்ணணும். புது ஜிப்பை அப்படியே மேலே போட்டால், உங்க செட்டிங்ஸும் அலோ லிஸ்ட்டும் அழிஞ்சுடும். அந்த ஃபைல்களைத் தனியா எடுத்து வெச்சுக்கோங்க.

வாரம் ஒருமுறை சர்வரை நிறுத்திவிட்டு, 'வேர்ல்ட்ஸ்' ஃபோல்டரை பென்டிரைவில் காப்பி எடுங்க. லேப்டாப்பே ஒருநாள் கண்ணை மூடினாலும், அந்த பென்டிரைவில் உங்க கோட்டை பத்திரமா இருக்கும்!