ஆழ்நீரின் வயதை அறிதல்

பனச்சமூடு முதலிய எல்லைப்புறச் சிற்றூர்களில் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் பெய்கின்றன. மழைக்குப்பின் கிணற்றுநீர் ஏறுவதும் கோடையில் தாழ்வதும் அங்குள்ளோர் நன்கறிந்ததே. அந்நீர் அண்மைக்கால மழையே என்பதற்கு ஆராய்ச்சி வேண்டுவதில்லை. ஆயின், களிமண் அடுக்கிற்குக் கீழே பல நூறு அடி ஆழத்தில் அடைபட்ட நீர் எக்காலத்து மழை? இதற்கு விடை கூறுபவை அந்நீரில் மிக நுண்ணிய அளவில் கலந்துள்ள கதிரியக்க ஐசோடோப்புகளாகும்.

காஸ்மிக் கதிர்கள் வாயுமண்டலத்தைத் தாக்குவதால் கார்பன்-14, ட்ரிட்டியம் முதலியன ஓயாது தோன்றுகின்றன. மழைநீர் மண்ணுட் புகுந்து காற்றின் தொடர்பை இழந்தபின் புதுவரவு நின்றுவிடும். உள்ளது சிதைந்து குறையும். கார்பன்-14 பாதியாகக் குறைய 5,730 ஆண்டுகள் ஆகும். தொடக்க அளவில் எட்டிலொரு பங்கே எஞ்சியிருப்பின், ஏறத்தாழ 17,200 ஆண்டுகள் கழிந்தன எனக் கொள்ளலாம்.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படலத்தின்கீழ் மிக்க அழுத்தத்துடன் நீர் தங்கியுள்ளது. அதனை இடைவிடாது இறைத்து அழுத்தத்தைத் தணித்தாலன்றிச் சுரங்கத்தின் அடித்தளம் பிளந்து வெள்ளம் புகும். இறைக்கப்படும் நீர் ஆண்டுதோறும் மழையால் ஈடுசெய்யப்படுகின்றதா, அன்றி முன்னாளைய சேமிப்பு கரைகின்றதா என்பது சுற்றுப்புற உழவர்க்கும் உரிய வினா. மட்டத்தை அளப்பதால் மட்டும் இது முற்றிலும் விளங்காது, வயதும் தெரியவேண்டும். ஹைதராபாத்திலுள்ள தேசியப் புவிபௌதிக ஆராய்ச்சி நிலையத்தார் தென்னிந்திய ஆழ்நீரை ஆராய்ந்து, கடந்த 30,000 ஆண்டுகளின் தட்பவெப்ப அடையாளங்கள் அதில் பதிந்திருத்தலை 1998இல் வெளியிட்டனர்.

மாதிரி எடுப்போர் மறக்கலாகாதது ஒன்றுண்டு. குழாயில் தேங்கிய நீரை முதலில் இறைத்து ஒழித்தல் வேண்டும்; மாதிரியில் காற்றுப் படலாகாது. காற்றிலுள்ள கரியமிலவாயு சிறிது கரைந்தாலும் பழைய நீர் இளையதாகத் தோன்றும். சுண்ணாம்புப் பாறையோ இதற்கு நேர்மாறாக, கார்பன்-14 அற்ற கரியைச் சேர்த்து நீரை முதியதாகக் காட்டும். இக்குறைக்குத் திருத்தம் செய்தபின்னரே கணக்கை நம்பலாம். அன்றியும், 12.3 ஆண்டு அரையாயுளுடைய ட்ரிட்டியம் பழைய நீரில் காணப்படின், புதுமழை எங்கோ கலக்கின்றதென்று ஐயுறவேண்டும்.

கார்பன் எட்டாத காலத்திற்குக் கிரிப்டான்-81 பயன்படும். அதன் அரையாயுள் சுமார் 2,29,000 ஆண்டுகள். பனிக்கட்டியில் சிறைப்பட்ட காற்றுக் குமிழிகளிலும் இது உண்டு. அண்டார்க்டிக்காவின் டெய்லர் பனியாற்றிலிருந்து ஒரு மாதிரிக்கு ஏறத்தாழ 350 கிலோ பனியை உருக்கி, அணுக்களை லேசர் ஒளியால் ஒவ்வொன்றாகப் பிடித்து எண்ணினர். அப்பனியின் வயது சுமார் 1,20,000 ஆண்டுகளென 2014இல் அறிவிக்கப்பட்டது.