இன்னும் எது இயங்குகிறது?

2010 நவம்பர் 4. சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குக் கிளம்பிய குவாண்டாஸ் ஏ380 விமானம், இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்கு மேலே சுமார் 7,000 அடி உயரத்தில் ஏறிக்கொண்டிருந்தது. திடீரென இரண்டாம் என்ஜினின் டர்பைன் வட்டு உடைந்து சிதறியது. துண்டுகள் இறக்கையைத் துளைத்தன, மின்கம்பிகளை அறுத்தன, எரிபொருள் தொட்டியைக் கிழித்தன. உள்ளே 469 பேர்.

ஆபத்து என்றதும் மூளையின் ஆழத்திலுள்ள அமிக்டலா விழித்துக்கொள்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் விரைகிறது, தசைகளுக்கு ரத்தம் பாய்கிறது. புலியிடமிருந்து ஓட இது போதும். ஆனால் இந்த வேதிப் பெருக்கு மிகுந்தால், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதி மங்கிவிடுகிறது. திட்டமிடுவதும் நாலைந்து தகவல்களைச் சேர்த்து எடைபோடுவதும் அதன் வேலைதான். பார்வை ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கும். அருகில் அலறும் மணிகூடக் காதில் ஏறாது.

அந்த விமானத்தில் திரை நிறைய எச்சரிக்கைகள் வந்துகொண்டே இருந்தன. அவற்றைச் சரிபார்த்து முடிக்கவே சுமார் 50 நிமிடங்கள் ஆயின. தலைமை விமானி ரிச்சர்ட் டி கிரெஸ்பினி ஒரு கட்டத்தில் கேள்வியைத் திருப்பிப் போட்டார். எவையெல்லாம் பழுது என்று எண்ணுவதை விட்டு, இன்னும் எது இயங்குகிறது என்று பார்த்தார். அந்தப் பிரம்மாண்ட விமானத்தை ஒரு சிறிய செஸ்னா ரக விமானமாக மனத்தில் சுருக்கிக்கொண்டார். என்னைப் பொறுத்தவரை அன்றைய நாளின் மிகப் பெரிய சாதனை இதுதான். மூளையால் ஒரே நேரத்தில் தாங்கக்கூடிய சுமை மிகக் குறைவு. அவர் சுமையை அந்த அளவுக்குக் கொண்டுவந்தார். விமானி அறையில் இருந்த ஐவரும் பல்லாண்டு பயிற்சியில் ஊறியவர்கள். கைக்குப் பழகிய வேலைக்கு யோசனை அதிகம் தேவைப்படுவதில்லை.

பயிற்சி இல்லாதவர்களுக்கும் பதற்றத்தைத் தணிக்க உடல் ஒரு வழி வைத்திருக்கிறது. இதயத் துடிப்பை நேரடியாகக் குறைக்க நம்மால் முடியாது, மூச்சை முடியும். மூச்சை வெளிவிடும்போது வேகஸ் நரம்பின் பிடி இறுகி, துடிப்பு சற்றுத் தணிகிறது. மெல்ல, நீளமாக வெளிவிட்டால் அந்த நேரம் கூடுகிறது.

விமானம் சிங்கப்பூரிலேயே தரையிறங்கியது. சக்கரத் தடைகள் தகித்தன, பக்கத்தில் எரிபொருள் ஒழுகியது, முதல் என்ஜின் நிற்க மறுத்து ஓடிக்கொண்டே இருந்தது. சறுக்குகளை விரித்து எல்லாரையும் வெளியேற்றவே யாருக்கும் தோன்றும். வெளியே ஆபத்து அதிகம் என்று கணக்கிட்ட விமானிகள் பயணிகளை உள்ளேயே அமர வைத்தனர். தீயணைப்பு வீரர்கள் நுரை தெளித்த பிறகு, வலப்பக்கப் படிகள் வழியாக எல்லாரும் காயமின்றி இறங்கினார்கள்.