கரையும் காவலும் – 9: வானுக்கென ஒரு கொடி

சென்ற வாரம் பரங்கிமலையை மெட்ராஸ் பீரங்கிப் படையின் தலைமையிடமாகப் பார்த்தோம். அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த அந்த மலையடிவாரத்தில் பீரங்கி என்றால் தரையில் நிற்கும் பகைவனைச் சுடுவதற்குத்தான். பிற்காலத்தில் விமானத்தைச் சுடும் பிரிவுகள் உருவானபோதும் அவை பீரங்கிப் படைக்குள்ளேயே நெடுங்காலம் இருந்தன. 1994 ஜனவரி 10 அன்றுதான் பிரிந்து தனிப் படையாயின. இன்றைய ராணுவ வான் பாதுகாப்புப் படை அதுதான். ‘ஆகாஷே ஷத்ரூன் ஜஹி’, அதாவது ‘வானில் பகைவரை அழி’ என்பது அதன் முழக்கம். ஒடிசாவின் கோபால்பூரில் அதற்கெனக் கல்லூரி இருக்கிறது. 2019 செப்டம்பரில் அங்கேதான் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் இப்படைக்குக் கொடி வழங்கினார். வேலை பழையது, சின்னம் மட்டும் புதிது. இதற்கு ஒரு தனிப் படை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தனிப் படை தேவைதான் என்பது என் கட்சி. அதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். நம் கரையோர வரலாறே போதும்.

1942-இல் ஜப்பானியர் கரையிறங்கிவிடுவார்கள் என்ற அச்சம் சென்னையைக் காலி செய்ய வைத்தது. கரையைக் காக்க நிறுத்தப்பட்ட 19-ஆவது டிவிஷனின் தோள் சின்னம், சிவப்பு நிறத்தில் குத்துவாளைப் பற்றிய மஞ்சள் கை. அதே பணிக்காக ஆகஸ்டில் பெங்களூரில் திரட்டப்பட்ட 25-ஆவது டிவிஷனுக்குப் பச்சையில் கறுப்பு இஸ்பேட் ஏஸ். இரண்டும் பின்னர் பர்மாவில் பேர் வாங்கின. நம் கரையில் அவற்றுக்குச் சண்டை வாய்க்கவே இல்லை. கரையிறங்க ஒருவரும் வரவில்லை, வந்ததெல்லாம் விமானம். ஏப்ரல் 5-இல் கொழும்பு, 6-இல் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9-இல் திருகோணமலை தாக்கப்பட்டன. மறு ஆண்டு அக்டோபரில் ஒற்றை ஜப்பானிய விமானம் சென்னையிலும் குண்டு வீசிச் சென்றது.

இவற்றில் கொழும்பையும் திருகோணமலையையும் ஒப்பிட்டால் பாடம் தெளிவாகிறது. இரண்டு துறைமுகங்களிலும் விமான எதிர்ப்புப் பீரங்கிகள் இருந்தன. ஜப்பானியக் கப்பல்களை ரோந்து விமானம் முந்தின நாளே கண்டு சொல்லியும், கொழும்பில் தாக்குதல் காலையில் உரிய நேரத்தில் எச்சரிக்கை வரவில்லை. இரத்மலானை தளத்தின் போர் விமானங்கள் தரையில் நிற்கும்போதே எதிரி தலைக்கு மேல் வந்துவிட்டான். திருகோணமலையில் ரேடார் முன்கூட்டியே கண்டது. விமானங்கள் மேலேறி நின்று எதிர்கொண்டன. அங்கும் சேதம் கடுமைதான். ஆனால் தூக்கத்தில் அடி வாங்கவில்லை. துறைமுகத்தை விட்டு முன்னிரவே வெளியேறிய ‘ஹெர்மஸ்’ விமானந்தாங்கிக் கப்பலோ, காக்க ஒரு போர் விமானமும் இல்லாமல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது.

“சுடத் தெரிந்தவன் பீரங்கிக்காரன், குழலை வானை நோக்கித் திருப்பினால் போயிற்று” என்பது முதல் மறுப்பு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் வரும் விமானம் ஒரு விநாடியில் 250 மீட்டர் கடக்கிறது. மாமல்லபுரத்திலிருந்து கல்பாக்கம் வரையுள்ள சுமார் 15 கி.மீ. அதற்கு ஒரு நிமிட வேலை. சுட்ட குண்டு இலக்கை எட்ட நான்கு விநாடி ஆனால், அதற்குள் விமானம் 1 கி.மீ. நகர்ந்திருக்கும். ஆகவே விமானம் இருக்கும் இடத்தைச் சுட்டுப் பயனில்லை, அது வரப்போகும் இடத்தைச் சுட வேண்டும். இதோடு பூமியின் வளைவும் சேர்கிறது. மாமல்லபுரத்தில் கலங்கரை விளக்கம் குன்றின்மேல் நிற்பதற்கும், கடலை ஒட்டித் தாழப் பறக்கும் விமானம் ரேடாருக்குத் தாமதமாகத் தெரிவதற்கும் காரணம் அந்த வளைவுதான். இந்தத் தொழிலில் பாதி, காண்பதும் கணிப்பதும். அதற்கான பயிற்சியும் பதவி உயர்வும் ஆயுதத் தேர்வும் வேறொரு படையின் ஓரத்தில் நடக்கக் கூடாது.

“விமானப் படை இருக்க, ராணுவத்துக்கு எதற்கு இது?” என்பது இரண்டாவது மறுப்பு. நாட்டின் வான் பாதுகாப்புக்கு முதல் பொறுப்பு விமானப் படைதான், உண்மை. ஆனால் 2025 மே மாதம் ஒரே இரவில் 36 இடங்களை நோக்கி 300 முதல் 400 ட்ரோன்கள் வந்ததாக அரசு அறிவித்தது. சின்ன ட்ரோன் ஒவ்வொன்றின் பின்னாலும் போர் விமானத்தை அனுப்ப முடியாது. அப்போது கைகொடுத்தவற்றில் 40 மி.மீ. எல்-70 என்ற பழைய பீரங்கியும் ஒன்று.

சின்னம் வெறும் அலங்காரம் என்பாரும் உண்டு. 1965 போருக்காக 27-ஆவது வான் பாதுகாப்பு ரெஜிமெண்டுக்குக் கிடைத்த கௌரவப் பட்டம் ‘அமிர்தசரஸ் விமானதளம்’. அது கைப்பற்றிய ஊரின் பெயரன்று, காத்த இடத்தின் பெயர். தாம் எதற்காக இருக்கிறோம் என்பதை ஒவ்வொரு புதிய சிப்பாய்க்கும் அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. ஆனாலும் கொடியும் பட்டமும் கண்ணாகிவிடாது. எல்-70 போன்ற பழைய பீரங்கிகளையே நம்பியிராமல், புதிய ரேடாரையும் ஏவுகணையையும் காலத்தோடு கொடுக்க வேண்டியது அரசின் கடமை. 1942-இல் கொழும்பில் குறைந்தது வீரமன்று, எச்சரிக்கை.

(தொடரும்)